சமுதாயக் கூடம் கட்டிப் பார்!
சின்ன ஊர்களில் ஓயாத பட்டிமன்றம். கட்ட காசு இருக்கு, காக்க ஆள் யார்?

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்பது பழைய பேச்சு. இப்போது சின்ன ஊர்களில் மூன்றாவதாக ஒன்று சேர்ந்துகொண்டிருக்கிறது. சமுதாயக் கூடம் கட்டிப் பார்!

பேரூராட்சி மன்றத்தில் அந்தத் தீர்மானம் வந்தால் போதும். அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு டீக்கடை, சலூன், ரேஷன் கடை வரிசை எங்கும் அதே பேச்சுதான். "கட்டியே ஆகணும்" என்கிறது ஒரு கட்சி. "இருக்கிறதையே பார்க்க ஆள் இல்லே, புதுசு எதுக்கு?" என்கிறது எதிர்க்கட்சி. மூன்றாவது கட்சியும் உண்டு. "தாராளமா கட்டட்டும், எங்க தெருவிலே மட்டும் வேணாம்!"

2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது தமிழ்நாட்டில் 490 பேரூராட்சிகள் இருந்தன. ரோடு, குடிதண்ணீர், தெருவிளக்கு என்று வார்டு ஜனங்கள் நீட்டுகிற மனுவில் சமுதாயக் கூடமும் தப்பாமல் இடம் பிடிக்கும். கேட்கிறவர்கள் வீம்புக்காகக் கேட்கவில்லை. அவர்கள் கதையைக் கேட்டால் கேட்பவர் மனசு இளகும்.

வாடகை ஒன்று, பில் வேறு!

பெண்ணுக்கு வரன் அமைந்ததும் அப்பா முதலில் ஓடுவது மண்டபத்துக்கு. அங்கே ஒரு வாடகை சொல்வார்கள். தலையாட்டி அட்வான்ஸ் கொடுத்து வருவார். கல்யாணம் முடிந்து சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் தெரியும், அது பாதிக் கணக்கு என்று. கரண்ட் தனி, ஜெனரேட்டர் டீசல் தனி, பாத்திரம் தனி, குப்பை அள்ளத் தனி, வாட்ச்மேனுக்குத் தனி. சில இடங்களில் சமையலுக்கும் பந்தலுக்கும் "எங்க ஆளுதான்" என்று நிபந்தனை. மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிற குமாஸ்தாவும் ஆட்டோ ஓட்டுகிறவரும் என்ன செய்வார்கள்? மொய்ப் பணம் வந்து மண்டப பாக்கியைக் கட்டுகிற வீடுகள் எத்தனையோ.

கல்யாணத்துக்காவது கடனை வாங்கிச் சமாளிக்கலாம். காதுகுத்து, வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு என்றால் அவ்வளவு பணம் போட முடியுமா? முன்பு தெருவிலேயே பந்தல் போட்டு, பெஞ்சு போட்டு, பந்தி நடத்திவிடுவார்கள். இப்போது தெரு முழுக்க ஸ்கூட்டரும் காரும். ஷாமியானா கட்டினால் ஆம்புலன்ஸ்கூட நுழைய முடியாது. அதையும் மீறிக் கட்டினால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் போகும்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. பல கல்யாண மண்டபங்களில் கருமாதிக்கு இடம் தர மாட்டார்கள். சுபகாரியம் நடக்கிற இடமாம்! வீட்டில் ஒரு சாவு விழுந்து, வெளியூர் சொந்தக்காரர்கள் நூறு பேர் வந்து நின்றால், பதினாறாம் நாள் சோறு போட இடம் இல்லாமல் அல்லாடுவது இல்லாத வீட்டார்தான். சமுதாயக் கூடம் கேட்பவர்கள் சொல்லும் காரணங்களில் பதில் சொல்ல முடியாதது இதுதான். ஊர்ப் பொதுக் கூடம் என்றால் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் கதவு திறக்க வேண்டும். ஆனால் கட்டி முடித்த பிறகு அந்தக் கூடத்திலும் "கருமாதிக்குக் கொடுத்தா அப்புறம் கல்யாணத்துக்கு எவன் வருவான்?" என்று கேட்கிறவர்கள் வந்துவிடுகிறார்கள். வாடகை விதிகளை எழுதும்போதே இதை எழுதி வைக்காத ஊரில் பிறகு சண்டைதான்.

ஆயிரம் வருஷத்துக்கு முன்னே...

ஊர் கூடிப் பேச ஓர் இடம் என்பது நமக்குப் புதுசு அல்ல. சாவடி இருந்தது, சத்திரம் இருந்தது, கோயில் மண்டபம் இருந்தது. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் ஊர்ச் சபையின் தேர்தல் விதிகளையே சொல்கின்றன. 30 குடும்புகள், ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்லித் தேர்வு. வயது 35-க்கு மேல், 70-க்குக் கீழ். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு மறுபடி இடம் இல்லை. அவர் மட்டும் அல்ல, அவருடைய நெருங்கிய சொந்தக்காரர்களுக்கும் இல்லை!

இந்த விதியை மட்டும் இன்றைக்குக் கொண்டுவந்தால் சில மன்றங்களில் கோரம் இருக்குமா என்று டீக்கடையில் கேலி பேசுவார்கள். அது இருக்கட்டும். அந்தச் சபை பிராமணர்களின் சபை. உழுதவனும் தொழிலாளியும் அந்த மண்டபத்தில் உட்கார்ந்து ஓலை போடவில்லை. "ஊர்க் கூடம்" என்ற சொல்லுக்குள் "யாருடைய ஊர்?" என்ற கேள்வி அப்போதே ஒளிந்திருந்தது. இன்றும் அது போய்விடவில்லை. அதற்குப் பிறகு வருவோம்.

காசுக்குக் குறைவில்லை

கட்டடம் கட்டப் பணம் எங்கே என்று கேட்டால், வழி பல உண்டு. நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டுத் திட்டம் 1993 டிசம்பரில் தொடங்கியது. ஆரம்பத்தில் உறுப்பினருக்கு 5 லட்சம் ரூபாய்தான். 2011-12 முதல் ஆண்டுக்கு 5 கோடி. கொரோனா காலத்தில் சிறிது நாள் நிறுத்தி வைத்து, 2021 நவம்பரில் மறுபடி விட்டார்கள். சட்டமன்ற உறுப்பினருக்கும் தொகுதி நிதி இருக்கிறது. 'நமக்கு நாமே' திட்டம் 1997-98-ல் வந்தது, 2021-ல் நகர்ப்புறங்களுக்குத் திரும்ப வந்தது. அதில் ஊர்மக்கள் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு போட வேண்டும், மிச்சத்தைச் சர்க்கார் போடும். ஊரில் பிறந்து வெளியூரில் வியாபாரம் செய்கிறவர்கள், கடைவீதிச் சங்கத்தார், ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு கல்வெட்டில் பேர் போட்டுக்கொள்வதற்கு அது தோதானது.

ஆக, அடிக்கல் நாட்டுவது சுலபம். ரிப்பன் வெட்டுவதும் சுலபம். திறப்பு விழா அன்றைக்கு மாலை, மைக், பொன்னாடை எல்லாம் இருக்கும். மறுநாள் காலையில் பெருக்க ஆள் இருக்குமா? கட்டடத்துக்கு வந்த நிதியிலிருந்து வாட்ச்மேன் சம்பளமும் கரண்ட் பில்லும் கொடுக்க முடியாது. அது பேரூராட்சியின் தலையில்தான் விழும். அங்கேயோ குடிதண்ணீர் மோட்டார் ரிப்பேருக்கே பணம் தேடிக்கொண்டிருப்பார்கள்.

"வேணாம்" என்கிற கட்சி இங்கேதான் கெட்டியாக நிற்கிறது. பழைய கூடத்தைப் போய்ப் பாருங்கள் என்கிறார்கள். பல ஊர்களில் பார்க்கிற காட்சிதான். கதவில் துருப்பிடித்த பூட்டு. ஜன்னலில் கண்ணாடி இல்லை. கக்கூஸில் தண்ணீர் இல்லை. உள்ளே இலவசப் பொருள் மூட்டையோ, தேர்தல் தட்டிகளோ. திண்ணையில் பகலில் சீட்டு, ராத்திரியில் பாட்டில். "அதை ரிப்பேர் பண்ணுங்க, அப்புறம் புதுசைப் பேசுங்க" என்பது நியாயமான வாதம்தானே?

ஒரு சின்னக் கணக்கு

கடைக்காரர்களுக்குக் கணக்குச் சொன்னால் பிடிக்கும். இது ஒரு பேச்சுக்கான கணக்கு, எந்த ஊரின் பில்லும் அல்ல.

கூடம் வருஷத்துக்கு 60 நாள் வாடகைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 365 நாளில் 60 தானா என்று கேட்கக் கூடாது. ஆடியில் கல்யாணம் இல்லை. மார்கழியில் இல்லை. புரட்டாசியிலும் பலர் வைப்பதில்லை. மிச்ச மாதங்களில் நல்ல முகூர்த்தம் என்றால் ஒரே நாளில் பத்து வீட்டார் வந்து நிற்பார்கள். மறுநாள் காக்கை உட்கார்ந்திருக்கும். முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை, லீவு நாள் பார்த்து வருவதால் கொஞ்சம் ஈடு கட்டும்.

செலவுக்கு வருவோம். காவல், துப்புரவு என்று இரண்டு பேருக்கு மாதம் பத்தாயிரம் வீதம் வருஷத்துக்கு 2.40 லட்சம். கரண்ட், தண்ணீர் 80 ஆயிரம். வெள்ளையடிப்பு, குழாய், மின்விசிறி ரிப்பேர் 1 லட்சம். மொத்தம் 4.20 லட்சம்.

ஏழைகளுக்குக் கட்டியது என்று நாளுக்கு 3,000 ரூபாய் வாடகை வைத்தால் வரவு 1.80 லட்சம். துண்டு 2.40 லட்சம். கூடம் ஐந்தே வருஷத்தில் பாழ். சரி என்று 10,000 ஆக்கினால் 6 லட்சம் வரும், மிச்சமும் விழும். ஆனால் யாருக்காகக் கட்டினார்களோ அவர்கள் படி ஏற மாட்டார்கள். கட்டுப்படியாகிற வாடகை நாளுக்கு 7,000. அதுவும் கூலிக்காரருக்கு அதிகம்தான்.

வழி இல்லாமல் இல்லை. வசதி உள்ளவர்களுக்கு 40 நாள் 9,000 வீதம் விட்டால் 3.60 லட்சம். இல்லாதவர்களுக்கு 20 நாள் 3,000 வீதம் 60 ஆயிரம். சேர்த்தால் சரியாக 4.20 லட்சம்! ஆனால் யார் வசதி உள்ளவர், யார் இல்லாதவர் என்று ரசீது போடுகிற பில் கலெக்டர் முடிவு செய்யக் கூடாது. ரேஷன் அட்டையைப் பார்ப்பதா, வேறு சான்றா என்று மன்றமே தீர்மானம் போட வேண்டும். இல்லாவிட்டால் கவுன்சிலரின் மைத்துனருக்குத்தான் 3,000 ரசீது விழும்.

பராமரிக்க முடியவில்லை என்று சில ஊர்களில் கூடத்தைக் குத்தகைக்கு விட்டுவிடுகிறார்கள். எடுத்தவர் என்ன செய்வார்? போட்ட பணத்தை எடுக்கப் பார்ப்பார். அப்புறம் அது தனியார் மண்டபம்தான். போர்டில் மட்டும் சமுதாயக் கூடம்.

எந்த இடம்?

வாடகையைவிடப் பெரிய சண்டை இடத்துக்குத்தான். ஊருக்கு நடுவே காலி மனை கிடைக்காது. கிடைத்தாலும் விலை கட்டாது. உடனே எல்லோர் கண்ணும் குளத்தங்கரை மேல் போகும். "தண்ணி வந்து பத்து வருஷம் ஆச்சு, தூர்த்துக் கட்டிடலாமே!" இந்தப் பேச்சைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். 2011 ஜனவரி 28-ல் சுப்ரீம் கோர்ட், பஞ்சாபைச் சேர்ந்த ஒரு கிராமத்துக் குளம் பற்றிய ஜக்பால் சிங் வழக்கில், ஊர்ப் பொது நிலங்களையும் குளங்களையும் ஆக்கிரமித்தவர்களை வெளியேற்ற எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. தமிழ்நாட்டில் ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. பத்து வருஷம் காய்ந்த குளம் பதினோராவது வருஷம் நிறையும். அன்றைக்குக் கூடத்துக்குள் முழங்கால் தண்ணீர் நிற்கும். சட்டத்தை விடுங்கள், கல்யாண வீட்டுக்கே ஆகாது.

இடத்தில் இன்னொரு முள்ளும் இருக்கிறது. கூடம் கடைவீதியிலா, காலனியிலா? ஆதிதிராவிடர் குடியிருப்புகளில் சர்க்கார் செலவில் தனியாகச் சமுதாயக் கூடங்கள் கட்டியிருக்கிறார்கள். தேவைக்குத்தான் கட்டினார்கள், பயன்படவும் செய்கின்றன. ஆனால் அதையே சாக்காக வைத்து, "உங்களுக்குத்தான் அங்கே இருக்கே" என்று ஊர்ப் பொதுக் கூடத்தில் தேதி கொடுக்காமல் தட்டிக் கழிக்கிற தந்திரத்தை என்ன சொல்வது? வாயைத் திறந்து "கிடையாது" என்று யாரும் சொல்வதில்லை. "அன்னைக்கு வேற பார்ட்டி புக் பண்ணிட்டாங்க" என்பார்கள். பதிவேட்டைக் காட்டச் சொன்னால் பதிவேடு இருக்காது.

1998-ல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதல் சமத்துவபுரம் திறந்தபோது நூறு வீட்டை 40, 25, 25, 10 என்று பிரித்து ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், இதரர் எல்லோரையும் அடுத்தடுத்த வீட்டில் குடிவைத்தார்கள். சமுதாயக் கூடமும் எல்லோருக்கும் ஒன்றே. ஒரே பந்தியில் உட்கார வைக்க ஒரு கூடத்தால் முடியும், பிரித்து உட்கார வைக்கவும் முடியும். எல்லாத் தெருவுக்கும் வழி உள்ள பொது இடத்தில், பஸ் நிற்கிற தூரத்தில் கட்டினால் முதல் தடை நீங்கும். ஒரு சாதித் தெருவின் கடைசியில் கட்டினால் எத்தனை லட்சம் போட்டாலும் அது அந்தத் தெருவின் கூடம்தான்.

மறக்கக் கூடாத ஒரு நாள்

2004 ஜனவரி 23. ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். மாடியில் கீற்றுப் பந்தல். தாலி கட்டுகிற நேரம். வீடியோ விளக்கு வயரிலிருந்து தீப்பொறி கிளம்பியதாகச் சொன்னார்கள். மணமகன் உட்பட 50 பேருக்கு மேல் செத்தார்கள். அதே வருஷம் ஜூலையில் கும்பகோணம் பள்ளிக்கூடத்தில் 94 பிஞ்சுகள். அங்கேயும் கீற்றுக் கூரை.

புதுக் கூடத்துக்கு எஸ்டிமேட் போடுகிறவர்கள் மணமேடைக்குப் பின்னால் எத்தனை விளக்கு என்று கேட்கிறார்கள். வெளியே ஓட எத்தனை வாசல் என்று கேட்பவர் குறைவு. சமையல் கட்டு தனியாக இருக்கிறதா, சிலிண்டர் வெளியே வைக்க இடம் இருக்கிறதா, மாடிக்கு இரண்டு படிக்கட்டு உண்டா, தீயணைப்பு வண்டி திரும்ப இடம் உண்டா? இதெல்லாம் வரைபடத்திலேயே இருக்க வேண்டும். காண்டிராக்டர் "கடைசியில பாத்துக்கலாம்" என்றால் நம்பக் கூடாது.

வெள்ளம் வந்தால் எங்கே?

2004 டிசம்பர் 26 சுனாமியின்போது நாகப்பட்டினம் பக்கம் பிழைத்தவர்கள் தங்கியது பள்ளிக்கூடங்களிலும் கல்யாண மண்டபங்களிலும்தான். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தை மறக்க முடியுமா? 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஒரு வருஷத்து மழை ஒரு நாளில்!

இந்த மாதிரி நாளில் ஊருக்குள் மேடான இடத்தில், பெரிய சமையல் கட்டும் கக்கூஸும் உள்ள கட்டடம் ஒன்று இருந்தால் அதன் அருமை தெரியும். பள்ளிக்கூடத்தில் ஜனங்களைத் தங்க வைத்தால் பிள்ளைகள் படிப்பு நின்றுபோகும். "கட்டணும்" கட்சியின் பலமான வாதம் இது. ஆனால் இதைச் சொல்லிக் கேட்டுவிட்டுத் தாழ்வான இடத்தில் கட்டினால் வாதமே கவிழ்ந்துவிடும். பெண்களுக்கு எத்தனை கக்கூஸ், தரைமட்டம் எவ்வளவு உயரம், தண்ணீர்த் தொட்டி எவ்வளவு கொள்ளும் என்பதுதான் அங்கே முக்கியம். முகப்பு வளைவு அல்ல.

"மண்டபம் வேணாம், படிப்பகம் குடுங்க!"

இளவட்டங்கள் வேறு பாட்டு பாடுகிறார்கள். டி.என்.பி.எஸ்.சி. பரீட்சைக்குப் படிக்கிற பையனுக்கும் பெண்ணுக்கும் வீட்டில் ஓர் அறை, அதில் டி.வி. எங்கே உட்கார்ந்து படிப்பது? சில வருஷமாகப் பல நகரங்களில் நூலகமும் அறிவுசார் மையமும் கட்டி வருகிறார்கள். அதைப் பார்த்த பிள்ளைகள், வருஷத்தில் 60 நாள் திறக்கிற கட்டடத்துக்குப் பதில் தினமும் திறக்கிற கட்டடம் வேண்டும் என்கிறார்கள். கூடத்தை ஒட்டியே ஒரு படிப்பறை, தனி வாசலோடு கட்டலாமே என்று சமரசம் பேசுகிறவர்களும் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பக்கத்தில் நாதஸ்வரமும் மைக் செட்டும் முழங்கும்போது கொள்குறி வினாவுக்கு விடை தெரியுமா? முகூர்த்த நாளில் படிப்பறைக்கு லீவு விட வேண்டியதுதான்!

சத்தம் என்றதும் பக்கத்து வீட்டுக்காரர் ஞாபகம் வருகிறார். "கட்டட்டும், எங்க தெருவிலே வேணாம்" என்கிறவரைச் சுயநலக்காரர் என்று தள்ளிவிட முடியாது. வெடி, ராத்திரி பாட்டுக் கச்சேரி, வாசலை அடைக்கிற வண்டி, காலையில் எச்சில் இலைக் குவியல், அதைச் சுற்றி நாய்கள். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. சமுதாயக் கூடம் போன்ற மூடிய கட்டடத்துக்குள் மட்டும், உள்ளே கேட்கிற அளவுக்கு விலக்கு உண்டு. விதியை எழுதியவர்களுக்குச் சமுதாயக் கூடம் ஞாபகம் இருந்திருக்கிறது! குழாயை வாசல் வேப்பமரத்தில் கட்டினால் விலக்கு கிடையாது. இலைக் குப்பைக்கு அன்றன்றே வண்டி வரும் என்று ஏற்பாடு இல்லாமல் வீடுகளுக்கு நடுவே கூடம் கட்டுவது அக்கம்பக்கத்தார் தலையில் குப்பை கொட்டுவதுதான்.

சாவி யாரிடம்?

கடைசியில் எல்லாம் வந்து நிற்பது இந்தக் கேள்வியில். புக் பண்ணுகிற நோட்டு ஒருவர் வீட்டில், சாவி இன்னொருவர் இடுப்பில் என்றால் அது ஊர்ச் சொத்து அல்ல. சென்னை மாநகராட்சி தன் சமுதாய நலக் கூடங்களுக்கு ஆன்லைனில் முன்பதிவு வைத்திருக்கிறது. சின்ன ஊருக்குக் கம்ப்யூட்டர்கூட வேண்டாம். எந்தத் தேதி யாருக்கு, என்ன ரசீது என்று வாசலில் ஒரு கரும்பலகை போதும்.

தீர்மானம் வருவதற்கு முன்பே ஊர் கேட்கலாம். 2022 நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினத்திலிருந்து நகர்ப்புற உள்ளாட்சிகளில் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்க ஆரம்பித்தன. வார்டில் உள்ள வாக்காளர் எவரும் போய்ப் பேசலாம். அங்கே பதில் வராவிட்டால் 2005 தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணம். வெள்ளைத் தாளில் நான்கே கேள்வி: பழைய கூடம் போன வருஷம் எத்தனை நாள் வாடகைக்குப் போனது? வந்த பணம் எவ்வளவு? ரிப்பேருக்குச் செலவானது எவ்வளவு? புதுக் கூடத்துக்கு இடம் எது, அதன் சர்வே எண் என்ன, பழைய வருவாய்க் கணக்கில் அது குளமா, மனையா?

முப்பது நாளில் பதில் வந்தாக வேண்டும். பதில் வந்த பிறகு டீக்கடைப் பட்டிமன்றத்தை மறுபடி நடத்தினால் யார் எந்தக் கட்சியில் நிற்பார்கள் என்பது வேறு மாதிரி இருக்கும். ஆனால் ஒன்று, மனுவை ஸ்பீடு போஸ்ட்டில் போட்டு, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்வது நல்லது.